தன்னந்தனியாக உங்கள் படத்தை எடுக்க ஒரு முறம் போதும்

உங்களை நீங்களே படம் எடுக்கும்போது போனைக் கையில் நீட்டிப் பிடிக்காதீர்கள். பின்பக்கக் கேமராவை 5 அடி தள்ளி, கண் உயரத்தில் இருக்கும்படி உயரமான ஒன்றின் மேல் சாய்த்து வையுங்கள். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில், முக உயரத்துக்கு ஒரு முறத்தை மாட்டித் திரையில் அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்ச அளவும் மாறாமல் நின்றுவிட்டதைக் காட்டும் பூட்டு அடையாளம் வந்ததும் முறத்தை எடுத்துவிட்டு, 10 விநாடி டைமர் வைத்து அங்கேயே போய் நில்லுங்கள்.

கை நீளத்தில் எடுத்தால் முகத்தில் மூக்குதான் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும், அதனால் பெரிதாகத் தெரியும். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் படத்தில் வராததற்கு இது ஒரு காரணம். அப்புறம், முறத்துக்குப் பதில் கறுப்புக் குடையை வைக்க வேண்டாம். இருட்டு என்று நினைத்து போன் வெளிச்சத்தைக் கூட்ட, முகம் வெளுத்துவிடும். முறத்தின் நிறம் நம் தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் மேகம் மூடிய வானம் அருமையான வெளிச்சம் தரும், நிழல் முகத்தில் வெட்டாது. ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் பூட்டிய வெளிச்சம் அடுத்த நிமிடமே பொருந்தாது, ஒவ்வொரு படத்துக்கும் மறுபடி பூட்ட வேண்டும். நடந்தபடியோ ஆடியபடியோ எடுக்கும் படங்களுக்கு இந்த வழி சரிவராது.