மாடியில் சோலார் போடுமுன்

சோலார் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கரன்ட் பில்லைத்தான். வயரிங் வேலை பார்க்கிறவன் வேறென்ன கேட்பான்! நம்மூரில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் குறையும். சித்திரை வெயிலில் கொட்டும் என்று நினைக்காதீர்கள், பேனல் சூடேறினாலும் உற்பத்தி இறங்கும்.

அடுத்து மாடி. கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும். காலை 9, மதியம், மாலை 3 மணிக்குத் தண்ணீர்த் தொட்டி நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும் எங்கே விழுகின்றன என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். மார்கழியில் நிழல் இன்னும் நீளும். ஒரே பேனலில் மட்டை நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே அடிவாங்கும்.

பலர் கேட்காமல் விடுவது இது: கரன்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் கரன்டை வீட்டுக்கேற்ப மாற்றி, மின்வாரிய லைனோடு இணைக்கும் பெட்டி) தானே அணைந்துவிடும். மின்வெட்டிலும் ஃபேன் ஓட வேண்டுமா? லைனோடும் பேட்டரியோடும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு வாங்குங்கள், செலவு எகிறும். வீட்டு மாடி சோலாருக்காக 2024இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய்.

பேனலை விடியற்காலையில் கழுவுங்கள். உப்புத்தண்ணீர் மட்டும் வேண்டாம், வெள்ளையாகப் படிந்துவிடும்.