மனநிறைவை நாடுவோர் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

காலையில் சிறிது நடை, இரவில் நாட்குறிப்பு, இடையே சற்று நேர மௌனம் என்று மனநிறைவுக்காகச் சொல்லப்படும் பழக்கங்கள் எல்லாமே எளியவைதான். ஆனாலும் ஆர்வத்தோடு தொடங்கியவர்கள் பலர் சில வாரங்களிலேயே, முன்னைவிட அதிகச் சலிப்போடு அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம், பழக்கத்தைக் கடைப்பிடிப்பதைவிட அதன் பலனை அளந்து பார்ப்பதிலேயே மனம் முனைப்பாக இருப்பதுதான்.

கண்மூடி அமர்ந்து எழுந்த மறுகணமே ‘இப்போது நிம்மதி வந்துவிட்டதா?’ என்று தன்னைத்தானே கேட்பவருக்கு, வந்திருந்த சிறு அமைதியும் அந்தக் கேள்வியிலேயே கலைந்துவிடுகிறது. உளவியலாளர் ஐரிஸ் மாஸும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்கிறது. மகிழ்ச்சியின் பெருமையைப் பேசும் கட்டுரை ஒன்றை முன்னதாகப் படித்திருந்த பெண்கள், அதைப் படிக்காதவர்களைவிட, மகிழ்ச்சியான திரைப்படக் காட்சியைப் பார்த்தபோது குறைவாகவே மகிழ்ந்தார்கள். இவ்வளவு மகிழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பே ஏமாற்றத்துக்கு வழிவகுத்துவிட்டது.

என் பார்வையில், மிகுந்த கேடு செய்யும் தவறு தற்சோதனையைத் தன்மீதான விசாரணையாக்கிக்கொள்வதாகும். இரவில் குறிப்பேட்டைத் திறந்து ‘நான் ஏன் எப்போதும் இப்படி நடந்துகொள்கிறேன்?’ என்று எழுதுபவர் தம்மை ஆராய்வதாகவே எண்ணுகிறார். ஆனால் ‘ஏன்’, ‘எப்போதும்’, ‘இப்படி’ ஆகிய மூன்று சொற்களும் சேர்ந்து, விடையே இல்லாத ஒரு குற்றச்சாட்டாகிவிடுகின்றன. அதற்குப் பதிலாக, ‘மாலைக் கூட்டத்தில் என் பேச்சை இடைமறித்தபோது குரலை உயர்த்திவிட்டேன், மதியம் சாப்பிடாமல் இருந்தேன், நாளை அவரிடம் முதலில் நானே பேச வேண்டும்’ என்று எழுதினால், நடந்தது ஒன்று, அதன் பின்னணி ஒன்று, செய்யக்கூடியது ஒன்று என விஷயம் கைக்கு அடங்கிவிடுகிறது. ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் வழக்கம் மனச்சோர்வை ஆழப்படுத்தி நீட்டிக்கிறது என்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா தம் ஆய்வுகளில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே, பத்து நிமிடம் எழுதியும் புதிதாக ஒரு வரிகூடத் தோன்றவில்லையென்றால் குறிப்பேட்டை மூடிவிடுவதே நல்லது. அதற்குமேல் எழுதுவது தற்சோதனை ஆகாது, வெறும் புலம்பலாகவே முடியும். வேண்டாத நினைவுகள் கிளர்ந்தெழும் நள்ளிரவு நேரத்தைவிட, வேலை முடிந்த மாலைப்பொழுது இதற்குப் பொருத்தமானது.

வாழ்வில் நன்றி பாராட்டத் தக்கவற்றைக் குறித்துவைக்கும் நன்றியுணர்வுப் பட்டியலை நாள்தோறும் நிரப்பியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் இதைப் போன்றதே. உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வொன்றில், வாரம் ஒருமுறை எழுதியவர்கள் பயனடைந்தார்கள். வாரம் மூன்று முறை எழுதியவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் தெரியவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்று ஒரே மூன்று சொற்களை நாள்தோறும் எழுதும் கை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் கையைப் போல இயங்கத் தொடங்கிவிடுகிறது. யார், எப்போது, என்ன செய்தார் என்ற விவரத்தோடு ஒரேயொரு நிகழ்வை எழுதினாலும் போதும்.

இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னொரு பொறி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின்படி, ஒரு செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை அடையச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றன. ஆளுக்கு ஆள் இது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபடுகிறது. இடையில் ஒரு நாள் தவறிப்போவதால் பெரிய பாதிப்பு ஏற்படுவதில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ‘ஒரு நாள் விட்டுப்போயிற்று, இனி எல்லாம் வீண்’ என்று முழுவதையும் நிறுத்திவிடுபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. புதிய பழக்கங்கள் ஐந்தை ஒரே நாளில் தொடங்காமல், பல் துலக்குவது போன்ற அன்றாடச் செயல் ஒன்றையடுத்து ஒரேயொரு பழக்கத்தை வைத்துக்கொண்டால் மறப்பதற்கும் வாய்ப்பு குறைவு.

பதவி உயர்வு வரட்டும், கடன் தீரட்டும் என்று மனநிறைவை ஒத்திவைப்பதும் பரவலான வழக்கம். லாட்டரியில் பெருந்தொகை வென்றவர்களைப் பற்றி 1978-இல் வெளியான ஆய்வு, அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் அதிக மகிழ்ச்சியோடு இல்லை என்பதையும், நண்பரோடு பேசுவது போன்ற சிறு நிகழ்வுகளில் அவர்கள் அடைந்த இன்பம் குறைவாகவே இருந்தது என்பதையும் பதிவுசெய்தது. எனினும், வறுமையிலோ கொடுமையிலோ சிக்கியிருப்பவரிடம் ‘உள்ளதைக் கொண்டு நிறைவடையுங்கள்’ என்று உபதேசிப்பது முறையன்று. அங்கே முதலில் மாற வேண்டியது சூழ்நிலை.

மனநோயின் அறிகுறிகளை மனநிறைவுக் குறைவாக எண்ணிப் பழக்கங்களாலேயே சரிசெய்ய முயல்வதும் ஆபத்தானது. சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்குமேல் ஏறக்குறைய நாள்தோறும் நீடித்தாலோ, உறக்கமும் பசியும் குலைந்துபோனாலோ மருத்துவரை அணுக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கலாகாது. அன்றே உதவியை நாட வேண்டும்.