பாடத்திட்டத்தில் மாரடைப்பு எங்கே இருக்கிறது?

மருத்துவக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் சேர்ந்த புதிதில் என்னிடம் வந்த முதல் கேள்வி இது: மாணவர்களுக்கு மாரடைப்பைப் பற்றி எந்தெந்த ஆண்டில், எத்தனை மணி நேரம் சொல்லித் தருகிறோம்? எல்லாத் துறைகளின் பாடக்குறிப்புகளிலும் 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினேன். கிடைத்தது மிகக் குறைவு. நோயியல் துறை 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று எழுதியிருந்தது, பொது மருத்துவம் 'எம்.ஐ.' என்றது, அவசர சிகிச்சையில் மாரடைப்பின் ஒரு வகையான 'ஸ்டெமி'. பேசுவது ஒரே நோயைத்தான், பெயர்தான் வேறு வேறு.

இதற்குத்தான் பொதுச் சொற்தொகுதி வேண்டும். மருத்துவப் பதிவுகளுக்கான சொற்தொகுதியான ஸ்னோமெட் சிடியில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் கருத்துருக்கள் உண்டு; நோயாளியின் பதிவேட்டுக்கு அது அருமையானது, பாடத்திட்டத்துக்கு அவ்வளவு நுணுக்கம் பாரம்தான். நோய்களுக்கான சர்வதேசப் பட்டியலான ஐசிடி நோய்களை நன்றாக வகைப்படுத்தும், ஆனால் உடலியங்கியல் வகுப்பை அதில் எங்கே வைப்பது? நான் தேர்ந்தெடுத்தது மெஷ் என்ற மருத்துவத் தலைப்புச் சொற்தொகுதி. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கிற இலவசத் தொகுதி. அதில் 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினாலும் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற தலைப்புக்கே போய்ச் சேரும். ஸ்டெமி அதற்குக் கீழே ஒரு கிளையாக இருக்கும்.

நீங்களும் இதைச் செய்வதென்றால், முதலில் ஒரு எக்செல் அட்டவணை போடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு வரிசை: ஆண்டு, துறை, நேரம், கற்றல் நோக்கம். பாடப்பிரிவு முழுவதையும் ஒரே வரிசையில் அடைத்தால் பின்னால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அப்புறம் ஒவ்வொரு வகுப்புக்கும் பொருத்தமான மெஷ் சொல் இடுவது. நேரம் அதிகம் பிடிக்கிற வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். கற்றல் நோக்கத்தை 'மெஷ் ஆன் டிமாண்ட்' என்ற இணையக் கருவியில் ஒட்டினால் சொற்களைப் பரிந்துரைக்கும். அதை அப்படியே ஏற்காதீர்கள். வகுப்பில் போகிற போக்கில் சொன்னதையும் அது பிடித்துக்கொள்ளும். நாங்கள் வைத்த விதி: ஒரு வகுப்புக்கு ஐந்து சொல்லுக்கு மேல் கூடாது, கிடைப்பதிலேயே குறிப்பான சொல்லைத்தான் இட வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவை நடத்தினால் வெறும் 'நீரிழிவு' போதாது. துணைத்தலைப்புகளையும் விடாதீர்கள். 'நோயறிதல்', 'மருந்துச் சிகிச்சை' என்று சேர்த்தால்தான் நோயின் எந்தப் பக்கம் நடத்தப்படுகிறது என்று தெரியும்.

முதல் முப்பது வகுப்புகளுக்கு இரண்டு பேர் தனித்தனியாகச் சொல் இட்டு ஒப்பிடுங்கள். எங்களுக்கு நிறைய இடத்தில் ஒத்துப்போகவில்லை. அந்த வாக்குவாதத்தில் எடுத்த முடிவுகளை எல்லாம் எழுதி வைத்தோம், மீதி வேலை அதை வைத்துத்தான் நடந்தது.

நோய் அல்லாதவற்றுக்குச் சொல் கிடைக்காது என்று பயந்திருந்தேன். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்ற வகுப்புக்குக்கூட 'ட்ரூத் டிஸ்க்ளோஷர்' (உண்மையை வெளிப்படுத்துதல்) என்ற தலைப்பு இருப்பதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சரி, இனி எண்ணிக்கை. மெஷ் ஒரு மரம். ஒரே சொல் பல கிளைகளில் நிற்கும்: மாரடைப்பு இதய நோய்களின் கீழும் வரும், ரத்தக்குழாய் நோய்களின் கீழும் வரும். இரண்டையும் கூட்டினால் ஒரு மணி நேர வகுப்பு இரண்டு மணி நேரமாகிவிடும். அதனால் சொற்களைக் கூட்டாமல், கிளைக்குள் வரும் வகுப்புகளை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். எந்த ஆண்டின் மெஷ் பதிப்பு என்பதையும் அட்டவணையில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, வெற்றிடங்கள். எங்கள் அட்டவணையில் 'வலி' என்ற சொல் உடலியங்கியலிலும் மருந்தியலிலும் தாராளமாக இருந்தது. 'வலி அளவீடு' ஒரு வரிசையில்கூட இல்லை. அறிக்கையில் எழுதுவதற்கு முன் வார்டில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "தினமும் காலையில் படுக்கை அருகிலேயே சொல்லித் தருகிறேனே" என்றார். எந்தக் குறிப்பிலும் அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அன்று மாலையே அவரோடு உட்கார்ந்து அவருடைய வார்டு வகுப்புகளை வரிசை வரிசையாக அட்டவணையில் ஏற்றினோம். உங்கள் அட்டவணையிலும் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்தப் பாடத்தை நடத்துகிறவரிடம் முதலில் கேளுங்கள்.