துருப்பிடித்த பத்மினியை வீட்டு வாசலிலேயே மீட்பது எப்படி

பழைய பிரீமியர் பத்மினி கார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது பானட்டைத் திறந்து எஞ்சினைக் கிளப்பப் பார்ப்பதுதான், நானும் அதையே செய்தேன். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளப்பினால் அந்த 1089 சிசி எஞ்சின் பல வருடத் தூக்கத்திலிருந்தும் இருமிக்கொண்டே எழுந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்ட சந்தோஷத்தில் நேராக பெயின்ட் கடைக்குப் போய்விடுகிறோம் பாருங்கள், தப்பு அங்கேதான். எஞ்சின் போனால் இறக்கிவிட்டு இன்னொன்று வைக்கலாம். ஆனால் இந்த வண்டிக்கு ஜீப், லாரி மாதிரி அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அங்கே துரு பிடித்தால் போவது அழகு இல்லை, எலும்பு.

அதனால் முதல் வாரம் ஸ்பேனரையே தொடாதீர்கள். ஒரு டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய காந்தம், இந்த மூன்றும் போதும். சீட்டையும் தரைவிரிப்பையும் எடுத்து வெளியே போட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும், செத்த தகடு 'டப்' என்று முடித்துக்கொள்ளும். காந்தம் ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் உள்ளே இருப்பது பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. என் வண்டியில் டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே காந்தம் வழுக்கியது, கீறிப் பார்த்தால் விரல் கனத்துக்குப் பட்டி, அதற்குப் பின்னால் கசக்கித் திணித்த பழைய நாளிதழ்! எந்தப் பட்டறையில் எப்போது செய்தார்களோ, நாளிதழ் பல வருடமாக மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சுற்றியிருந்த தகட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டி தண்ணீரை உறிஞ்சும். துருவின் மேல் பட்டி பார்ப்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது மாதிரிதான்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: டிரைவர் கால் வைக்கும் தரை, கதவின் அடி விளிம்பு, பேட்டரிக்குக் கீழே (ஆசிட் வேலை), டிக்கித் தரை, முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், முன் மட்கார்டின் பின்பக்கம் சேறு அடையும் பை. ஜாக்கி வைக்கும் இடத்தை மறந்துவிடாதீர்கள், அது நன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் பலர் வண்டியைக் கீழே போடுகிறார்கள்.

அடுத்தது, தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது என்று கண்டுபிடிப்பது. இதைச் செய்யாமல் புதுத் தகடு வைத்தால் இரண்டு மழையில் பழைய கதைதான். நான் டார்ச்சோடு வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டேன், பையன் வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நனைத்தான். மேலே ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து எது ஓட்டை என்றே தெரியாது. கண்ணாடி ரப்பருக்கு வந்ததும், "அப்பா, உள்ள ஏதாவது தெரியுதா?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சொட்டு என் முழங்காலில் விழுந்தது. தரை ஏன் அந்த இடத்தில் மட்டும் சல்லடையாகியிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை அடைத்திருந்தால் கதவே ஒரு தொட்டி.

சரி, இனி வெட்டலாம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்கை முழுதாக இறக்கி வெல்டிங் நடக்கும் இடத்திலிருந்து தூரமாக வையுங்கள், காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் நிறைந்த டேங்கை விட ஆபத்து. டேங்கை வீட்டில் பற்றவைக்கும் யோசனையே வேண்டாம். வண்டியைச் செங்கல் மேலோ ஹாலோ பிளாக் மேலோ நிறுத்தாதீர்கள், திடீரென்று பொடிந்துவிடும். சமதளத்தில், அச்சுக்குக் கீழே நல்ல இரும்பு ஸ்டாண்டுகள் வையுங்கள். கதவுக்குக் கீழேயுள்ள பெட்டியை வெட்டுவதற்கு முன் முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையே ஒரு ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும், ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம். இல்லாவிட்டால் வண்டி நடுவில் லேசாகத் தொய்யும், வேலை முடிந்த பிறகு கதவு மூடாது.

கிரைண்டரில் வெட்டும்போது ஓட்டையோடு நிறுத்தாமல், பளபளவென்று வெள்ளை இரும்பு தெரிகிற வரை போங்கள், அதைத் தாண்டி இன்னும் ஒரு அங்குலம். சின்ன ஓட்டை என்று நினைத்தது உள்ளங்கை அளவாகும், பயப்படாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் போடாமல் கிரைண்டரைத் தொடக்கூடாது. இவ்வளவு வெட்டினாலும் சேசிஸ் எண் அடித்த இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த எண் அழிந்தால் ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது வண்டியே உங்களுடையது இல்லை என்ற நிலைமைக்கு வந்துவிடும். நிறத்தை மாற்றினாலும் ஆர்சியில் மாற்ற வேண்டும், ஆகவே பழைய நிறமே அழகு என்பது என் கட்சி.

புதுத் தகட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள், பழைய காலண்டர் அட்டை இதற்கு அருமை. தரைக்கு 20 கேஜ் கனத்தில் சிஆர் தகடு (பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு) சரியாக இருக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு துருப்பிடிக்காதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பற்றவைக்கும்போது துத்தநாகம் புகையாகி, அதை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் மாதிரி ஆட்டும். என் யோசனை இதுதான்: வெட்டுவதையும் அட்டை அளவையும் நீங்களே செய்யுங்கள், பற்றவைக்க மிக் வெல்டிங் மெஷின் (கம்பி தானாக ஓடிவரும் மின்வெல்டிங்) வைத்திருக்கும் டிங்கர், அதாவது தகடு வேலைக்காரர் ஒருவரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கேஸ் வெல்டிங் மெல்லிய தகட்டை அப்பளம் மாதிரி நெளியவைத்துவிடும். மிக்கிலும் ஒரே இழுப்பாக இழுக்க விடாதீர்கள். இங்கே ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒரு புள்ளி என்று போகட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் இருக்கட்டும்.

மேலோட்டமான துருவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. கம்பி பிரஷ், 80ஆம் நம்பர் உப்புத்தாள், குழிகளுக்குள் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. அது சிவப்புத் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும், ஆனால் மிச்ச அமிலத்தைத் துடைத்து நன்றாகக் காயவைக்காவிட்டால் பெயின்ட் உரியும். கழன்று வருகிற சின்னச் சாமான்களை வினிகரில் ஊறப்போட்டு, அப்புறம் சோடா மாவுத் தண்ணீரில் கழுவினாலே போதும்.

இரும்பு பளிச்சென்று ஆன அன்றே பிரைமர் அடித்தாக வேண்டும். சென்னைக் கடல்காற்றில் நான் ஒரு நாள் சோம்பல்பட்டேன். காலையில் பார்த்தால் துடைத்து வைத்த கதவில் என் ஐந்து விரல்களும் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தன, ரேகை உட்பட. கை வியர்வையில் இருக்கிற உப்பே போதும். கையுறை போட்டு, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, எபாக்சி பிரைமர் அடியுங்கள். மலிவு என்று வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்தினால் அதன் வழியாக ஈரம் இறங்கும். இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரை வெயில்தான் காலம், ஐப்பசியில் ஆரம்பிக்காதீர்கள். பிரைமர் காய்ந்த பிறகு இணைப்புகளில் தண்ணீர் புகாமல் சீலர். பட்டி இப்போதுதான் வர வேண்டும், அதுவும் 2 மி.மீ.க்கு மேல் போகாமல். மூடிய பெட்டிகளுக்குள் நீள நாசில் விட்டு மெழுகு ஸ்பிரே அடிப்பது கடைசிப் பெயின்ட் முடிந்த பிறகு.

கடைசிப் பெயின்டை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள். ஹார்டனர் கலக்கும் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. ரப்பர்கள், கைப்பிடி, விளக்கு வளையம் எல்லாவற்றுக்கும் சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் ஒரு சனிக்கிழமை அலைந்தால் முக்கால்வாசி தேறிவிடும். பழைய பெட்ரோல் ஹோஸ்களைப் பார்க்கவே வேண்டாம், அப்படியே மாற்றுங்கள், இப்போதைய பெட்ரோலில் கலக்கிற எத்தனால் அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துவராது.

ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் விரிப்பைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி கதவு ஓட்டைகளில் விட்டு எடுங்கள்; போன வாரம் என் பின்கதவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு வேப்பிலையும் வந்தன.