இணையதளம் அமைக்கும் மென்பொருள்: முதல் ஆண்டு விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நிரல் எழுதத் தெரியாதவர்களும் தாங்களே இணையதளம் அமைத்துக்கொள்ள விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், வேர்ட்பிரஸ், நம் ஊர் ஸோஹோவின் சைட்ஸ் எனப் பல வழிகள் உள்ளன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே நுழைவது எவ்வளவு சுலபம் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். வெளியேறுவது எவ்வளவு கடினம் என்பதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை.

விக்ஸில் அமைத்த தளத்தை அப்படியே பெயர்த்தெடுத்து வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைக்க இயலாது. இடம் மாற நினைத்தால் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேர்ட்பிரஸில் கட்டுரைகளையும் பக்கங்களையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சேவையே மூடப்படுவதும் உண்டு: கடைக்காரர்கள் பலர் நம்பியிருந்த கூகுள் பிசினஸ் புரொஃபைலின் (கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடை விவரம் காட்டும் சேவை) இலவச இணையதள வசதி 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

தளம் எங்கே இருந்தாலும், டொமைன் பெயர், அதாவது ‘கடைபெயர் டாட் காம்’ போன்ற தள முகவரி, உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். என் உறவினர் ஒருவர் தம் இனிப்புக் கடைக்குத் தளம் அமைத்துக் கொடுத்த இளைஞரிடமே அந்தப் பதிவையும் விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அந்த இளைஞர் வேலை கிடைத்து வெளியூர் போயிருந்தார். கடவுச்சொல் அவரிடம், கடைப் பெயர் அச்சிட்ட ஆயிரம் அட்டைப்பெட்டிகள் இவரிடம்.

விலையைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் முதல் ஆண்டுச் சலுகைதான். புதுப்பிக்கும் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி, மாதக் கட்டணம் போலக் காட்டிவிட்டு ஓராண்டுக்கு மொத்தமாக வசூலிக்கும் வழக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து மூன்று ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பார்த்தால், மலிவாகத் தோன்றியது சில நேரம் மலிவாக இருக்காது. இலவசத் திட்டங்களில் பொதுவாகச் சொந்த டொமைனை இணைக்க முடியாது. அந்த நிறுவனத்தின் விளம்பரமும் உங்கள் பக்கத்தில் நிற்கும்.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது உங்கள் தளத்தை நடத்தித் தரும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பது இலவச மென்பொருள் மட்டுமே. பின்னதற்கு ஹோஸ்டிங் (தளத்தை வைக்கச் சர்வரில் இடம்), அப்டேட், பேக்கப் எல்லாம் நம் பொறுப்பு. இந்த வேறுபாடு தெரியாமல், டாட் ஆர்க்குக்கான வீடியோவைப் பார்த்துக்கொண்டே டாட் காம் இலவசக் கணக்கில் இல்லாத பொத்தானைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அச்சகத்தில் பாமினி என்ற பழைய வகைத் தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்த விலைப்பட்டியலை அப்படியே ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கந்தல்தான் திரையில் தெரியும். அதை முதலில் எல்லாக் கருவிகளிலும் படிக்கக்கூடிய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். டெம்ப்ளேட்டை (தயார்நிலைப் பக்க வடிவமைப்பை) படத்தில் பார்த்து முடிவு செய்யாமல், ‘ஸ்ரீ’, ‘கௌ’ போன்ற எழுத்துகள் வரும் ஒரு நீண்ட தலைப்பை உள்ளிட்டு, விலை குறைந்த கைபேசி ஒன்றில் திறந்து, எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஸ்கொயர்ஸ்பேஸ் 14 நாள் சோதனைக் காலம் தருகிறது. விக்ஸ், வேர்ட்பிரஸ் டாட் காம் ஆகியவற்றில் இலவசக் கணக்கிலேயே பழகிப் பார்க்கலாம். அந்த நாள்களில் நீங்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாளை தளத்தைக் கவனிக்கப்போகும் கல்லாக்காரரிடம் மைசூர்பாகின் விலையை அவர் கைபேசியிலிருந்தே மாற்றச் சொல்லுங்கள்.