கேரம் மன்றத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

சமூக மன்றத்திலோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ கேரம் விளையாட வருகிறவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே அடிப்பார்கள். சண்டை வருவது அடியில் இல்லை. பவுடரை அள்ளிக் கொட்டுவது, ஃபைன் (தண்டம்) காயை யார் எங்கே வைப்பது, சிகப்புக் காய்க்கு ஃபாலோ (அதைத் தொடர்ந்து போடவேண்டிய சொந்தக் காய்) விழுந்ததா இல்லையா, அடுத்து யார் உட்காருவது போன்றவற்றில்தான் குரல் உயர்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கேரம் சட்டம் உண்டு. தஞ்சாவூர்க்காரர் ஒன்று சொல்வார், யாழ்ப்பாணத்துக்காரர் வேறொன்று சொல்வார், பக்கத்து புளோக் மலாய் அண்ணன் மூன்றாவதாக ஒன்று சொல்வார். அதனால் மன்றத்துக்கு ஒரே சட்டம் வேண்டும். சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிகளை எடுத்துக்கொள்வதே நல்லது. 1988இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு அது. மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன் ஆனதும் அந்த விதிகளின்படி ஆடித்தான். மன்றத்துக்கென்று ஏதாவது மாற்றம் இருந்தால் அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் தோற்கிறவர் ஞாபகம் ஒரு மாதிரி, ஜெயிக்கிறவர் ஞாபகம் வேறு மாதிரி இருக்கும்.

பலகையை வைக்கும்போது

சீக்கிரம் வருகிறவர் பலகையைப் போடுவது வழக்கம். குளிர்சாதன அறையில் வைத்திருந்த பலகையை வெளியே கொண்டுவந்ததும் உறையைக் கழற்றிவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் சில்லென்ற பலகையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் படியும். அதன்மேல் பவுடர் போட்டால் பசைபோல ஒட்டிக்கொள்ளும், அன்றைய ஆட்டம் முழுவதும் காய் இழுத்துக்கொண்டே போகும். உறையோடு அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு எடுத்துக் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு தரம் துடையுங்கள். ஈரத் துணி எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 சென்டிமீட்டர். கீழ்த்தளத் தரை பல இடங்களில் தண்ணீர் வடிவதற்காக லேசாகச் சரிந்திருக்கும், கண்ணால் பார்த்தால் தெரியாது. கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து நடுவட்டத்தில் வையுங்கள். பிறகு கால் சுற்று திருப்பி இன்னொரு தரம் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சரிந்த பக்கத்துக் காலுக்கடியில் மடித்த அட்டையைச் செருகினால் போதும். மெதுவாகப் போகிற காய் கடைசி நேரத்தில் எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் மட்டம் சரியில்லை என்று பொருள்.

பவுடர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். போரிக் பவுடர் 2 சிட்டிகை, பலகையின் நடுவில். அதைத் துணியாலோ உள்ளங்கையாலோ நாலா பக்கமும் சீராகப் பரப்புங்கள். அவ்வளவுதான். முகப்பவுடர் வேண்டாம், அதில் இருக்கும் வாசனைப் பொருள் மரத்தில் பிடித்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் அந்த இடம் மந்தமாகவே இருக்கும். பவுடர் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்துப் பலர் இன்னும் இன்னும் போடுகிறார்கள். நடப்பது நேர்மாறு: கட்டிகள் சேர்ந்து, காய் அதில் முட்டித் திசை மாறும். கட்டி தெரிந்தால் விரலால் ஒதுக்குங்கள், வாயால் ஊதாதீர்கள். ஊதினால் ஈரமும் சேரும், எதிரில் இருப்பவர் கண்ணிலும் விழும். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள். விளையாடிய கையோடு வடையைத் தொடாமல் முதலில் கழுவிக்கொள்ளுங்கள். டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்க விதிப்புத்தகத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை (காய்களை அடிக்கும் பெரிய வில்லை) ஓரளவு பலமாக அடித்தால் அது பலகையின் குறுக்கே போய்வந்து போய்வந்து மூன்றரை நடை போகவேண்டும். போகவில்லை என்றால் பலகை ஈரம் வாங்கியிருக்கிறது, அல்லது பழைய பவுடர் படிந்திருக்கிறது. ஸ்ட்ரைக்கர் உங்களுடையதாக இருக்கலாம்; ஆனால் 15 கிராமுக்கு மேல் கூடாது, விட்டம் 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. உலோகமோ தந்தமோ அனுமதி இல்லை. ஓரம் சில்லு போன ஸ்ட்ரைக்கர் பலகையைக் கீறும், அதை மன்றத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

உட்கார்ந்த பிறகு

போர்டு (காய் அடுக்கி ஆடும் ஒரு சுற்று) தொடங்கியபின் நாற்காலியை நகர்த்தக்கூடாது, எழுந்து நின்று அடிக்கக்கூடாது. கை மட்டும்தான் பலகையில் படலாம். சட்டை, வயிறு, தொங்கும் துப்பட்டா, கழுத்தில் மாட்டிய அலுவலக அட்டை எதுவும் பலகையைத் தொடக்கூடாது. வேலை முடிந்து நேராக வருகிறவர்கள் அந்த அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு உட்காருங்கள். குனியும்போது அதுதான் முதலில் காயைத் தட்டும். இரண்டு பக்க அம்புக்குறிகளையும் உங்கள் பக்கமாக நீட்டிப் பாருங்கள். முழங்கை அந்தக் கற்பனைக் கோடுகளைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

ஸ்ட்ரைக்கரை வைக்கும் இடத்தில்தான் அதிகம் பேர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். அது உங்கள் முன்னால் இருக்கும் இரண்டு கோடுகளையும் தொடவேண்டும். ஓரத்துச் சிவப்பு வட்டத்தில் வைத்தால் வட்டம் முழுவதும் மூடியிருக்கவேண்டும், இல்லையென்றால் வட்டத்தைத் தொடவே கூடாது. பாதி மூடுவது தப்பு. அம்புக்குறியைத் தொட்டாலும் தப்புதான். எதிராளி தப்பாக வைத்திருப்பதைப் பார்த்தால் அடிக்கும் முன்பே சொல்லுங்கள். அடித்துக் காய் விழுந்தபின் “கோட்டைத் தொடவில்லை” என்பது அழகல்ல. கட்டைவிரலால் அடிக்கலாம், விதி அனுமதிக்கிறது. “எங்க ஊர்ல கிடையாது” என்று யாரையும் தடுக்காதீர்கள்.

ஒரு அடிக்கு 15 விநாடி. சிநேக ஆட்டத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, ஆனால் ஸ்ட்ரைக்கரை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே ஒரு நிமிடம் யோசிப்பது மற்றவரைக் காக்கவைப்பது. எதிராளி அடிக்கும்போது பலகையின் சட்டத்தில் தாளம் போடுவது, ஸ்ட்ரைக்கரை மேசையில் சுழற்றுவது, கைப்பேசியைப் பலகையில் வைப்பது ஆகியவற்றை விடுங்கள். எல்லாக் காய்களும் நின்றபின்தான் உங்கள் கை உள்ளே போகவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரைக்கரை அவசரமாகப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

ஃபைனும் ஃபாலோவும்

ஸ்ட்ரைக்கர் மட்டும் குழியில் விழுந்தால் முறையும் போகும், போட்ட காயில் ஒன்றும் வெளியே வரும். இன்னும் ஒரு காயும் போடவில்லை என்றால் அது கடன். முதல் காய் விழுந்ததும் கட்டவேண்டும். ஸ்ட்ரைக்கரோடு சொந்தக் காயும் விழுந்தால் அந்தக் காயும் ஃபைனுக்கு இன்னொன்றுமாக இரண்டு வெளியே வரும், ஆனால் முறை உங்களுக்கே. இதைப் பலர் மாற்றிச் சொல்வார்கள், சுவர்த் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள். வெளியே வரும் காயை வைப்பவர் எதிராளி, வைக்கும் இடம் வெளிவட்டத்துக்குள். பலகையைவிட்டுத் தெறித்த காய் நடுவட்டத்துக்குப் போகும்.

சிகப்பைப் போடுவதற்குமுன் சொந்தக் காய் ஒன்றாவது போட்டிருக்கவேண்டும். போட்டபின் அடுத்த அடியிலேயே ஃபாலோ. ஒரே அடியில் சிகப்பும் சொந்தக் காயும் விழுந்தால் ஃபாலோ ஆனதாகவே கணக்கு. விழவில்லை என்றால் எதிராளி சிகப்பை நடுவில் வைப்பார்; நீங்களே எடுத்து வசதியான இடத்தில் வைக்காதீர்கள்.

ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு. ஜெயித்தவருக்கு எதிராளியின் மீதிக் காய் ஒவ்வொன்றுக்கும் 1, சிகப்பு அவரிடம் இருந்தால் 3. ஏற்கெனவே 22 புள்ளி வந்துவிட்டால் சிகப்புக்கு ஒன்றும் கிடையாது. 21இல் இருப்பவர் 5 காய் மிச்சம் வைத்துச் சிகப்போடு ஜெயித்தால் 8 சேரும். 22இல் இருப்பவருக்கு அதே போர்டில் 5 மட்டும். மீதிக் காயை வாய்விட்டு எண்ணி, எதிராளி தலையாட்டியபின் எழுதுங்கள். எழுதுவதற்குமுன் அடுத்த போர்டுக்குக் காய் அடுக்கிவிட்டால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

சுற்றி நிற்பவர்கள்

இரட்டையர் ஆட்டத்தில் ஜோடிக்குக் கண்ணைக் காட்டுவதும் காயைப் பார்த்துத் தலையசைப்பதும் குற்றம். பார்வையாளருக்கும் அதே விதி. “அண்ணே, கட் அடிங்க” என்று பின்னாலிருந்து சொல்வது உதவி இல்லை, எதிராளியின் ஆட்டத்தில் கைவைப்பது. ஆட்டம் முடிந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், கற்றுக்கொள்ளத் தம்பிகள் காத்திருப்பார்கள். மேசையில் தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் விதிவாதத்தை அவருக்குப் புரியும் மொழியில் நடத்துங்கள். புள்ளியும் அப்படியே சொல்லுங்கள்.

டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பலகையைச் ‘சோப்’ செய்வது, அதாவது இடம் பிடித்து வைப்பது, உணவங்காடியோடு நிற்கட்டும். பெயர்ப் பலகையில் உங்கள் பெயரை எழுதுங்கள், வரிசையில் வாருங்கள். கூட்டம் இருக்கும் நாளில் ஜெயித்தவர் 2 ஆட்டத்துக்குமேல் உட்காராமல் இருப்பது நல்ல வழக்கம். புதிதாக வந்தவரை நான்கு பேரும் தேர்ந்த கைகளாக இருக்கும் மேசையில் தள்ளாதீர்கள், பொறுமையான ஒருவரை ஜோடியாகக் கொடுங்கள். தே, கோப்பி, மைலோ எதுவும் பலகையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, தனி மேசையில். ஒரு கோப்பைத் தண்ணீர் ஒட்டுப்பலகைக்குள் இறங்கினால் அந்த இடம் உப்பிவிடும், பிறகு தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

முடிக்கும்போது

அறை பதிவு 10 மணிக்கு முடிகிறதென்றால் 9.45க்குக் கடைசிக் காய் விழுந்திருக்கவேண்டும். 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிகப்பு என்று எண்ணிப் பெட்டியில் போடுங்கள். குழி வலைக்குள் ஒன்று சிக்கியிருக்கும், நான்கையும் கைவிட்டுப் பாருங்கள். பலகையைத் துடைத்து, தரையில் சிந்திய பவுடரையும் பெருக்கிவிடுங்கள். ஓடுகளில் அது வழுக்கும், காலையில் அந்தப் பக்கம் நடக்கும் முதியவர்களுக்கு ஆபத்து. உறையிட்ட பலகையைச் சமதளத்தில் கிடத்துங்கள், அல்லது நேர் செங்குத்தாக நிறுத்துங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சில மாதங்களில் நடுப்பகுதி வளைந்துவிடும். உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டுவைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.