கேரவன் ஃபைபர் கூரையை வெயிலிலிருந்து காப்பது: ஊட்டி, கொடைக்கானல் வண்டிக்காரர்களுக்கு

குளிர்ப் பிரதேசம்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்ற நினைப்புதான் முதல் தப்பு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், மெல்லிய மேகத்தையும் தாண்டி வரும். ஸ்வெட்டர் போட்ட நமக்கு உறைக்காது. கூரைக்கு ஸ்வெட்டர் கிடையாது.

முதலில் கையால் தேயுங்கள். காய்ந்த கூரையில் உள்ளங்கையை இழுத்தால் வெள்ளையாக மாவு ஒட்டுகிறதா? ஃபைபருக்கு மேலே பூசிய பளபளப்பான ரெசின் பூச்சு, அதாவது ஜெல்கோட், உதிரத் தொடங்கிவிட்டது. அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான், தேய்க்கத் தேய்க்கக் குறையும். கண்ணாடி நூலே வெளியே தெரிந்தால் பாலிஷ் வேலையை மறந்துவிட்டு நேராகப் பெயின்ட்டுக்குப் போங்கள்.

கழுவுதல். கார் ஷாம்பு, மெத்தென்ற பிரஷ். பாசிக்கு 1 பங்கு பிளீச், 10 பங்கு தண்ணீர். பத்து நிமிடம் விட்டு நன்றாக அலசவும். யூகலிப்டஸ் இலைக் கறை இதற்குப் போகாது. 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் தடவினால் போகும். கையுறை அவசியம். பிளீச்சும் ஆசிட்டும் ஒன்றாகச் சேரவே கூடாது; இரண்டையும் வேறு வேறு நாளில் செய்யுங்கள். கழுவிய தண்ணீர் ஓடையில் இறங்காத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். ஈரக் கூரைமேல் ஏற வேண்டாம், ஏணியிலிருந்தே எட்டும் அளவுக்குச் செய்யுங்கள்.

காம்பவுண்ட், அதாவது மாவைத் தேய்த்து எடுக்கும் பாலிஷ் பேஸ்ட். பலர் சறுக்குவது இங்கேதான். மாவு போகாமல் அதன்மேலேயே வேக்ஸ் போடுகிறார்கள். இரண்டு வாரம் பளபளக்கும், பிறகு மாவோடு சேர்ந்து வேக்ஸும் உதிரும். 2 அடிக்கு 2 அடி என்று கட்டம் பிரித்துத் தேயுங்கள். புதிதாகச் செய்பவர்கள் டூயல் ஆக்‌ஷன் மெஷினே (சுழன்றபடியே அசைந்து தேய்க்கும் பாலிஷ் மெஷின்) எடுங்கள். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமானது, ஆனால் விளிம்பிலும் மேடுகளிலும் ஒரு நொடி நின்றால் ஜெல்கோட்டைத் தின்றுவிடும். மாவு கனமாக இருந்தால் முதலில் 1000, பிறகு 1500 நம்பர் வாட்டர் பேப்பர்.

தேய்த்ததும் தெரியும் பளபளப்பை நம்பாதீர்கள். அதில் பாதி காம்பவுண்டில் உள்ள எண்ணெய். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள், பிறகு கறுப்புத் துணியால் ஒரு தேய்ப்பு. துணியில் வெள்ளை மாவு ஒட்டினால் மறுபடி காம்பவுண்ட்.

வேக்ஸ். கார்னாபா (பனை வகை மரத்து இலையிலிருந்து எடுக்கும் வேக்ஸ்) பார்க்க அழகு. மலை மழைக்கு இரண்டு மூன்று மாதம்கூடத் தாங்குவது கஷ்டம். வேக்ஸுக்குப் பதில் பூசும் செயற்கைப் பூச்சான பாலிமர் சீலன்ட்டுக்குத்தான் என் ஓட்டு: இரண்டு பூச்சு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

நேரம் முக்கியம். காலைப் பனி காய்ந்த பிறகு, பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடியுங்கள். அதற்குமேல் எந்த நேரமும் மூடுபனி இறங்கலாம். இரண்டு ஊருக்கும் பிப்ரவரி, மார்ச் தோது. ஊட்டியில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் நம்ப முடியாது.

பெயின்ட் என்றால் டூ-பேக் (பெயின்ட்டோடு ஹார்டனரைக் கலந்து அடிப்பது) பாலியூரிதேன், வெள்ளை. எபாக்ஸியை அடிப்பூச்சாக மட்டும் வையுங்கள், வெயில் பட்டால் அதுவும் மாவாகும். 20 × 7 அடிக் கூரை 140 சதுர அடி, அதாவது சுமார் 13 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 3 லிட்டர் கையில் இருக்கட்டும். 320 நம்பர் பேப்பரில் சொரசொரப்பாக்கி, ரோலரில் அடியுங்கள். ஸ்ப்ரே வேண்டாம், ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது. ரோலருக்கும் ரசாயன ஆவியை வடிகட்டும் ஆர்கானிக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள். காய்வதற்குள் பனி விழுந்தால் மங்கிவிடும்.

வென்ட் (கூரைக் காற்றுத் திறப்பு), சோலார் பிராக்கெட் ஓரங்களில் பழைய சிலிக்கான் இருந்தால் பெயின்ட்டுக்கு முன் முழுக்கச் சுரண்டி எடுங்கள், அதன்மேல் எதுவும் ஒட்டாது. இடுக்கை அடைக்கப் புதிதாக வைப்பது பாலியூரிதேன் சீலன்ட்டாக இருக்கட்டும்.

நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடி வைப்பது உள்ளதையும் கெடுக்கும். உள்ளே ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும், காற்றில் படபடத்து உப்புத்தாள் மாதிரி உரசும். காற்று புகும் துணி உறை வாங்குங்கள்.

பின்னர் சேர்த்தது: வென்ட் மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக். சிலிக்கான் பிசுக்கை எடுக்கிற அசிட்டோன் அதில் பட்டால் மூடி வெடிப்பு வெடிப்பாகிவிடும். முதலிலேயே மாஸ்கிங் டேப்பும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடிவிடுங்கள். சோலார் பேனல் கண்ணாடிக்கு வேக்ஸ் தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும்.